இரும்புச் சட்டி இரத்தம் ஊட்டுமா? கேமரன் மலை சமையலறைக்கு ஒரு கணக்கு

இரும்புச் சட்டியில் சமைத்துச் சாப்பிட்டால் இரத்தச் சோகை தானாகப் போய்விடும் என்ற செய்தி புலனக் குழுக்களில் ஓயாமல் சுற்றிக்கொண்டிருக்கிறது. அதைப் படித்துவிட்டுப் பரண்மேல் கிடந்த பாட்டி காலத்துத் தோசைக்கல்லைத் தேடி எடுப்பவர்கள் உண்டு. ஈப்போவுக்கோ கோலாலம்பூருக்கோ போகும்போது லிட்டில் இந்தியா கடைகளில் புதிதாக ஒன்று வாங்கி வருபவர்களும் உண்டு. மலைக்குக் கொண்டுவந்து நான்கு நாள் மழை பெய்தால் கல் செம்பழுப்பு நிறத்துக்கு மாறிவிடும். இது நமக்கு ஒத்துவராது என்று மறுபடியும் ஒட்டாத தவாவுக்கே திரும்பிவிடுவார்கள்.

தானா ராத்தா, பிரிஞ்சாங், ரிங்லெட் பக்கத்து வீடுகளிலும் தேயிலைத் தோட்டக் குடியிருப்புகளிலும் இரும்புப் பாத்திரத்திற்கு இன்றைக்கும் இடம் இருக்கிறதா? இருக்கிறது. தோசை, சப்பாத்தி, வறுவல், பொரியல் ஆகியவற்றுக்கு அதற்கு நிகரான பாத்திரம் குறைவு. ஆனால் இரத்தச் சோகைக்கு அதை மருந்தாக நம்பி மாத்திரையை நிறுத்துவது வேறு விஷயம். அதைப் பற்றித்தான் இங்கே கொஞ்சம் விரிவாகப் பேச வேண்டியிருக்கிறது.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். கடையில் ‘இரும்பு’ என்று விற்கப்படுவது எல்லாம் ஒன்றல்ல. உருக்கிய இரும்பை அச்சில் ஊற்றி எடுப்பது வார்ப்பிரும்பு. அதில் 2 முதல் 4 விழுக்காடு வரை கரிமம் இருக்கும். கெட்டியானது, கனமானது, ஆனால் நொறுங்கும் தன்மை உடையது. சிமெண்டுத் தரையில் விழுந்தால் வாணலி இரண்டாகப் பிளந்துவிடலாம். மற்றொன்று, இரும்புத் தகட்டை வெட்டித் தட்டிச் செய்வது. சீனர் கடைகளில் தொங்கும் மெல்லிய கறுப்புக் குவாலி பெரும்பாலும் இந்த வகை. நம் வீட்டுத் தோசைக்கல்லில் இரண்டும் உண்டு. ரொட்டி சானாய் கடைகளில் அடுப்போடு சேர்ந்தாற்போல் இருக்கும் அகலமான கல் கனத்த எஃகுத் தகடு. பழக்குவது, துருவைத் தடுப்பது, உணவில் இரும்பு சேர்வது ஆகிய மூன்றிலும் இவை எல்லாம் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் நடந்துகொள்ளும். வேறுபடுவது எடையும் சூட்டைத் தாங்கி வைத்திருக்கும் அளவும்.

சூடு பற்றிய ஒரு தவறான எண்ணம்

வார்ப்பிரும்பு ‘எல்லாப் பக்கமும் சமமாகச் சூடாகும்’ என்று விளம்பரங்களில் சொல்கிறார்கள். உண்மை நேர்மாறு. வெப்பத்தைக் கடத்துவதில் அலுமினியம் இரும்பைவிட மூன்று நான்கு மடங்கு வேகமானது. சிறிய காஸ் அடுப்பில் பெரிய வார்ப்பிரும்புக் கல்லை வைத்தால், நடுவில் தோசை கருகும்போது ஓரத்தில் மாவு வெள்ளையாகவே இருக்கும். இரும்பின் சிறப்பு வேறு இடத்தில் இருக்கிறது. கனமாக இருப்பதால் அது நிறைய வெப்பத்தைச் சேர்த்து வைத்துக்கொள்கிறது. குளிர்ந்த மாவை ஊற்றினாலும் சூடு சட்டென்று விழுவதில்லை. மெல்லிய தவாவில் முதல் தோசைக்கும் நான்காவது தோசைக்கும் நிறம் மாறும். கனத்த கல்லில் அந்த மாற்றம் குறைவு.

ஆகவே அதை முன்கூட்டியே, மிதமான தீயில், ஐந்தாறு நிமிடம் சூடாக்க வேண்டும். காலை ஐந்து மணிக்கு எழுந்து வேலைக்குக் கிளம்புகிறவர்களுக்கு இந்த ஐந்து நிமிடம் பெரிது என்பது தெரியும். பல் துலக்கப் போகும்போதே கல்லை அடுப்பில் ஏற்றி மெல்லிய தீயில் வைத்துவிடுவது பழைய வழக்கம். அதில் அர்த்தம் இருக்கிறது.

கேமரன் மலைக்கென்று தனியாக ஒரு சங்கதி உண்டு. தானா ராத்தா கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,440 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. இந்த உயரத்தில் தண்ணீர் 100 டிகிரியில் அல்ல, 95 டிகிரி செல்சியஸ் அளவிலேயே கொதித்துவிடும். பருப்பும் கொண்டைக்கடலையும் கீழே தாப்பாவில் வேகும் வேகத்தில் இங்கே வேகாது. எனவே பிரஷர் குக்கரை இரும்புப் பானையால் ஈடுகட்ட முடியாது. ஆனால் எண்ணெயில் வறுப்பதற்கும் கல்லில் சுடுவதற்கும் இந்தக் குறை கிடையாது. கல்லின் சூட்டை உயரம் குறைப்பதில்லை.

தோசை கல்லில் ஒட்டுகிறது என்ற புகாரில் பாதி மாவின் குற்றம் என்பதையும் சொல்லிவிடலாம். இரவில் 15 டிகிரி வரை இறங்கும் குளிரில் மாவு கீழ்நாட்டைப்போல் எட்டு மணி நேரத்தில் பொங்காது. சரியாகப் புளிக்காத மாவு எந்தக் கல்லிலும் பிடிவாதம் செய்யும். அடுப்புக்கு அருகிலோ, வெந்நீர்ப் பாத்திரத்தை உள்ளே வைத்து மூடிய பெட்டியிலோ மாவை வைத்துப் பாருங்கள்.

இரத்தச் சோகை: உண்மை எவ்வளவு?

மலேசியாவில் 2019ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வு, குழந்தை பெறும் வயதுப் பெண்களில் 10 பேருக்கு 3 பேர் இரத்தச் சோகை உள்ளவர்கள் என்று கண்டது. அதனால் இரும்புச் சட்டிப் பேச்சை வெறும் சமையல் குறிப்பாகத் தள்ளிவிட முடியாது.

இரும்புப் பாத்திரத்திலிருந்து உணவுக்கு இரும்புச்சத்து இறங்குவது உண்மை. 1986இல் அமெரிக்காவில் இருபது வகை உணவுகளை இரும்புச் சட்டியில் சமைத்து அளந்து பார்த்தார்கள். ஆப்பிள் கூழில் 100 கிராமுக்கு 0.35 மில்லிகிராமாக இருந்த இரும்பு 7 மில்லிகிராமைத் தாண்டியது. தக்காளி சேர்ந்த குழம்பு வகைகளிலும் நல்ல ஏற்றம். ஆனால் சோள ரொட்டி போன்ற உலர்ந்த பண்டங்களில் ஏற்றம் மிகச் சொற்பம். புளிப்பு, ஈரப்பசை, சட்டியில் கிடக்கும் நேரம் ஆகிய மூன்றும் கூடினால்தான் இரும்பு கரைந்து இறங்கும். புதுச் சட்டியில் கூடுதலாக இறங்கும். நன்றாகப் பழகி எண்ணெய்ப் படலம் ஏறிய சட்டியில் குறையும்.

சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. இரும்புக்கல் எதற்கு மிகச் சிறந்ததோ அந்தத் தோசையில் சேரும் இரும்பு மிகக் குறைவு. இரண்டு நிமிடம் கல்லில் கிடக்கிறது, எழுந்துவிடுகிறது. இரும்பு அதிகமாகச் சேரும் புளிக்குழம்போ சட்டியையே கெடுத்துவிடும். அரை மணி நேரம் புளித்தண்ணீர் கொதித்தால், மாதக் கணக்கில் ஏற்றிய எண்ணெய்ப் படலம் கரைந்துபோகும். குழம்பு கறுக்கும், நாக்கில் இரும்பு வாசம் அடிக்கும். நம் முன்னோர் எல்லாவற்றையும் இரும்பில் சமைத்தார்கள் என்று சொல்வதும் சரியல்ல. புளிக்குழம்புக்கும் மீன்குழம்புக்கும் மண்சட்டி, இரசத்துக்கு வெள்ளீயச் சொம்பு, வற்றல் குழம்புக்குக் கற்சட்டி, வறுக்கவும் சுடவும் இரும்பு என்று அவர்கள் பிரித்தே வைத்திருந்தார்கள்.

இடையில் ஒரு வழி உண்டு. கீரைக் கடையலில் கொஞ்சம் தக்காளி, கோழிப் பிரட்டலில் கடைசியில் எலுமிச்சை, உருளைக்கிழங்கு மசாலாவில் தயிர் என்று குறைந்த புளிப்பில், பத்து நிமிடத்திற்குள் முடியும் சமையலை இரும்பு வாணலியில் செய்யலாம். ஆனவுடன் வேறு பாத்திரத்துக்கு மாற்றிவிட வேண்டும். இராத்திரி முழுக்க வாணலியிலேயே மூடி வைப்பது கூடாது. வயது வந்த பெண்ணுக்கு நாளொன்றுக்குத் தேவையான இரும்புச்சத்து, அவர் சாப்பிடும் உணவின் தன்மையைப் பொறுத்து, 20 முதல் 29 மில்லிகிராம். வாணலி அதில் ஒரு பங்கைத் தரும். முழுவதையும் தராது.

வெளிநாட்டு அனுபவங்களும் இரு பக்கமும் பேசுகின்றன. எத்தியோப்பியாவில் சில வீடுகளுக்கு இரும்புப் பானையும் சில வீடுகளுக்கு அலுமினியப் பானையும் கொடுத்து ஓராண்டு கவனித்தார்கள். இரும்புப் பானை வீட்டுக் குழந்தைகளின் இரத்தத்தில் ஹீமோகுளோபின் தெளிவாகவே கூடுதலாக உயர்ந்தது. 1999இல் ‘லான்செட்’ மருத்துவ ஏட்டில் இது வெளிவந்தது. இன்றைக்குச் சுற்றும் புலனச் செய்திகளுக்கெல்லாம் மூலவிதை பெரும்பாலும் இதுதான். பிறகு ஆப்பிரிக்காவின் மலாவியில் முயன்றபோது, பானை கனமாக இருக்கிறது, துருப்பிடிக்கிறது என்று பல வீடுகளில் ஒதுக்கிவிட்டார்கள். பயன்படுத்தாத பானை யாருக்கும் இரத்தம் ஊட்டாது.

நமக்கு இன்னும் நெருக்கமான பாடம் கம்போடியாவில் கிடைத்தது. அங்கே குழம்பில் போட்டுக் கொதிக்க வைக்கும் மீன் வடிவ இரும்புக் கட்டி பிரபலமானது. 2017இல் வெளிவந்த விரிவான ஆய்வில் அது ஹீமோகுளோபினை உயர்த்தவில்லை. இரும்பு மாத்திரையும் உயர்த்தவில்லை. அந்தப் பெண்களில் பெரும்பாலோருக்கு இரும்புச்சத்துக் குறைவே இல்லை. பிறவியிலேயே வரும் இரத்த அணுக் கோளாறுகள் அங்கே மிக அதிகம். தலசீமியா நம் நாட்டிலும் பரவலாக உள்ள நோய். தலசீமியாக் கூறு உள்ளவரின் இரத்த அணுக்களும் சிறியதாக, வெளிறித் தெரியும். பார்த்த மாத்திரத்தில் இரும்புக் குறைவுபோலவே இருக்கும். அவருக்கு இரும்பை ஏற்றிக்கொண்டே போனால் பலனில்லை. கடுமையான தலசீமியா உள்ளவருக்குக் கெடுதலே விளையும்.

தோட்டங்களின் பழைய வரலாறும் இதைத்தான் காட்டுகிறது. 1915 முதல் 1917 வரை ராக்ஃபெல்லர் அறநிறுவனம் அனுப்பிய மருத்துவக் குழு ஒன்று மலாயா, ஜாவா, பிஜி ஆகிய இடங்களில் கொக்கிப்புழுவையும் மலேரியாவையும் ஆராய்ந்து 1920இல் அறிக்கை வெளியிட்டது. அக்காலத் தோட்டத் தொழிலாளர்களின் இரத்தச் சோகைக்குப் பெருங்காரணங்கள் இந்த இரண்டும். வெறுங்காலோடு நடந்த மண்ணிலிருந்து புழு உடம்புக்குள் ஏறிக் குடலில் இரத்தம் குடித்தது. கழிப்பிடமும் செருப்பும் புழு மருந்தும் செய்த வேலையை எந்தச் சட்டியும் செய்திருக்க முடியாது. ஜே. ஏ. ரசல் 1929இல் போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கியபோது மலாயாத் தோட்டங்களின் நிலை இதற்குச் சில ஆண்டுகளே பிந்தியது. இன்று காரணங்கள் மாறியிருக்கலாம். மாதவிடாயில் அதிக இரத்தப்போக்கு, அடுத்தடுத்த பிரசவம், மூலம், குடல் புண் என்று பட்டியல் வேறு. காரணத்தைக் கண்டுபிடிக்காமல் சட்டியை மாற்றுவதில் பயனில்லை. கிளினிக்கில் ஓர் இரத்தப் பரிசோதனை போதும். தானா ராத்தாவில் சுல்தானா ஹாஜா கல்சோம் மருத்துவமனையே இருக்கிறது.

தேநீர் எப்போது குடிக்கிறீர்கள்?

தேயிலை மலையில் இதைச் சொல்வது சங்கடம்தான், ஆனாலும் சொல்ல வேண்டும். தென்னாப்பிரிக்காவில் இந்திய வம்சாவளிப் பெண்களிடம் நடத்தி 1975இல் வெளியான ஓர் ஆய்வில், சாப்பாட்டோடு தேநீர் குடித்தால் உணவிலுள்ள இரும்பை உடல் எடுத்துக்கொள்ளும் அளவு பாதிக்கும் கீழே சரிந்தது. சோறும் ரொட்டியும் தின்னும் நம்மைப் போன்றவர்கள்மேல் செய்த சோதனை அது. தேயிலையில் உள்ள துவர்ப்புப் பொருள் இரும்பைப் பிடித்துக்கொண்டு உடலில் சேரவிடாமல் செய்கிறது. சைவ உணவின் இரும்பும் சட்டியிலிருந்து இறங்கும் இரும்பும் இந்தத் தடைக்கு எளிதில் ஆட்படும். பால் ஊற்றினால் சரியாகிவிடும் என்று நம்ப வேண்டாம்.

அதற்காகத் தேநீரை விட வேண்டியதில்லை. நேரத்தை மாற்றினால் போதும். சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்துக் குடித்தால் இந்தத் தடை கணிசமாகக் குறைகிறது என்று பிரிட்டனில் நடந்து 2017இல் வெளியான ஆய்வு காட்டுகிறது. காலையில் தோசையும் தேநீரும் ஒன்றாக விழுங்கிவிட்டு வேலைக்கு ஓடும் வீட்டில், இரும்புக்கல் வாங்குவதைவிடத் தேநீரைப் பத்து மணி இடைவேளைக்குத் தள்ளுவது அதிகப் பலன் தரும் என்பது என் கருத்து. காசும் செலவில்லை. சாப்பாட்டோடு கொய்யாத் துண்டோ எலுமிச்சைச் சாறோ நம் மலையில் விளையும் ஸ்ட்ராபெரியோ சேர்ந்தால், அதிலுள்ள வைட்டமின் சி இரும்பைச் சேர்த்துக்கொள்ள உதவும்.

கர்ப்பிணிகளுக்குக் கிளினிக்கில் கொடுக்கும் இரும்பு மாத்திரைக்கும் இதே விதி. அதைத் தேநீரோடு விழுங்கக் கூடாது. இரும்புச் சட்டி வந்துவிட்டது என்று அதை நிறுத்தவும் கூடாது.

மழை நாட்டில் கல்லைப் பழக்குவது

கேமரன் மலையில் ஆண்டுக்கு 2,500 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்கிறது. மூடுபனி வீட்டுக்குள்ளேயே வந்து உட்காரும். இங்கே இரும்பைக் காப்பாற்றுவது எண்ணெய்ப் படலம் ஒன்றுதான். எண்ணெயை மெல்லியதாகத் தேய்த்து அதிகச் சூட்டில் வைத்தால் அது வேதிமாற்றம் அடைந்து கடினமான, வழுக்கும் பூச்சாகி இரும்போடு ஒட்டிக்கொள்கிறது. ‘கல் பழகிவிட்டது’ என்று நாம் சொல்வது இதைத்தான்.

எந்த எண்ணெய் என்பது முக்கியம். காற்றில் பட்டு உறையும் தன்மை எல்லா எண்ணெய்க்கும் ஒன்றல்ல. தேங்காய் எண்ணெய்க்கு அந்தத் தன்மை மிகக் குறைவு. கல்லைப் பழக்க அது உதவாது. இரண்டு வெள்ளி 50 காசு பாக்கெட்டில் வரும் பாமாயில் அதைவிடத் தேவலை, ஆனால் மெதுவாகத்தான் படலம் ஏறும். நல்லெண்ணெய் இன்னும் மேல். சோயா, சூரியகாந்தி எண்ணெய்கள் நன்றாக உறையும். பழக்கும்போது மட்டும் இவற்றில் ஒன்றைப் பயன்படுத்திவிட்டு, அன்றாடச் சமையலுக்கு எதை வேண்டுமானாலும் ஊற்றுங்கள்.

புதுக் கல்லைச் சவர்க்காரம் போட்டு நன்றாகத் தேய்த்து, ஆலை எண்ணெயைப் போக்க வேண்டும். அரிசி கழுவிய நீரிலோ வடிகஞ்சியிலோ இரண்டு மூன்று நாள் ஊறப்போட்டுத் தேய்ப்பது நம் வழக்கம். புளித்த கஞ்சியின் மென்மையான அமிலம் துருவைக் கிளப்பிவிடும். பிறகு அடுப்பில் வைத்து ஈரம் முழுக்கப் போக்கி, துணியால் எண்ணெயைத் தடவி, தடவியதைத் துடைத்தே எடுத்துவிட வேண்டும். பளபளவென்று எண்ணெய் தெரிந்தால் அது அதிகம், பிசுபிசுப்பாகத்தான் முடியும். லேசாகப் புகை வரும்வரை சூடாக்கி ஆறவிடுங்கள். இப்படி நான்கைந்து முறை. சன்னலைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். பாதி வெங்காயத்தை எண்ணெயில் தொட்டுக் கல்லில் தேய்க்கும் பழக்கமும் நல்லதே. மெல்லிய படலமாக எண்ணெய் பரவ அது உதவுகிறது. முதல் வாரத்தில் தோசைக்கு அவசரப்படாமல் வெங்காயம் வதக்குவது, அப்பளம் பொரிப்பது என்று எண்ணெய் வேலைகளைக் கொடுத்தால் கல் சீக்கிரம் படியும்.

இரும்பில் சவர்க்காரமே படக் கூடாது என்பது பழைய காரச் சவர்க்காரக் காலத்துப் பேச்சு. இன்றைய பாத்திரம் கழுவும் திரவம் கொஞ்சம் பட்டால் உறைந்த படலம் போய்விடாது. தண்ணீரில் ஊறப்போடுவதுதான் கூடாது. கழுவியதும் துணியால் துடைத்தால் மட்டும் இந்த மலையில் போதாது. அடுப்பில் ஒரு நிமிடம் வைத்து ஈரத்தை ஓட்டி, ஒரு சொட்டு எண்ணெய் தடவி, அடுப்புக்குப் பக்கத்தில் மாட்டி வையுங்கள். மூடிய அலமாரியில் மற்ற பாத்திரங்களோடு அடுக்கினால் இடையில் ஒரு பழைய செய்தித்தாள். ஒரு மாதம் ஊருக்குப் போவதாக இருந்தால் அதைச் செய்தித்தாளிலேயே சுற்றி வைத்துவிட்டுப் போகலாம்.

ஒட்டாத தவாவைப் பற்றியும் நியாயமாகப் பேச வேண்டும். அதன் பூச்சு உரிந்து ஒரு துணுக்கு வயிற்றுக்குள் போனால் உடம்பில் சேராமல் வெளியேறிவிடும். கவலைக்குரியவை வேறு இரண்டு. ஒன்று, அந்தப் பூச்சைத் தயாரிக்க முன்பு பயன்படுத்திய பி.எஃப்.ஓ.ஏ. என்ற இரசாயனம். 2023இல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை அதைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருளாக வகைப்படுத்தியது. பெரிய உற்பத்தியாளர்கள் 2015க்குள் அதைக் கைவிட்டுவிட்டனர். மற்றொன்று சூடு. 260 டிகிரிக்கு மேல் போனால் பூச்சு சிதையத் தொடங்கும். வெறும் தவாவை முழுத் தீயில் மறந்துவிட்டால் அந்தச் சூடு வந்துவிடும். அதன் புகை கூண்டுக் கிளிகளைக் கொன்றுவிடக் கூடியது. ஆம்லெட்டுக்கும் மிதமான தீச் சமையலுக்கும் அது வசதியானதே. ஆனால் பூச்சு தேய்ந்தால் தூக்கிப் போட வேண்டியதுதான். இரும்புக்கல்லுக்கு அந்தக் கதி இல்லை.

மின்சார இண்டக்‌ஷன் அடுப்பு வைத்திருப்பவர்களுக்கு இரும்பு மிகவும் பொருந்தும், ஏனெனில் காந்தம் ஒட்டும் பாத்திரத்தில்தான் அது வேலை செய்யும். கல்லின் அடிப்பக்கம் தட்டையாக இருக்க வேண்டும். நடுவில் குழிந்த பழைய தோசைக்கல் அதில் சரியாகச் சூடேறாது. எடுத்த எடுப்பில் உச்ச சூட்டுக்குப் போகாமல் குறைந்த எண்ணில் தொடங்குங்கள். ஒரு புள்ளியில் மட்டும் திடீரென்று சூடேறினால் வார்ப்பிரும்பு விரிசல் விடும். சூடான கல்லில் பச்சைத் தண்ணீர் ஊற்றினாலும் அதே ஆபத்து. கண்ணாடி மேற்பரப்பில் கல்லை இழுக்காமல் தூக்கி வைக்க வேண்டும்.

தூக்குவது என்றதும் எடை நினைவுக்கு வருகிறது. பெரிய வார்ப்பிரும்பு வாணலி மூன்று கிலோவைத் தாண்டும். நாள் முழுக்கக் கத்தரியும் கூடையும் சுமந்து தேயிலை வெட்டிவிட்டு வரும் கைக்கு அது சுமை. முதியவர் சமைக்கும் வீட்டில் கனத்த கல் ஒன்றை அடுப்பிலேயே நிரந்தரமாக வைத்துவிட்டு, வறுவலுக்கு மெல்லிய இரும்புக் குவாலி வைத்துக்கொள்ளலாம். அதிலும் பழக்கும் முறை இதேதான், இரும்பு இறங்குவதும் இதேதான், விலையும் குறைவு. வெளிநாட்டுப் பெயர் போட்ட, முன்கூட்டியே பழக்கி வரும் சட்டிகளுக்குப் பல மடங்கு கொடுப்பதற்குப் பெரிய காரணம் எனக்குத் தெரியவில்லை. எனாமல் பூசிய வார்ப்பிரும்புப் பானையில் புளிக்குழம்பு தாராளமாக வைக்கலாம். ஆனால் அதிலிருந்து உணவுக்கு இரும்பு இறங்காது என்பதை அறிந்து வாங்குங்கள்.

கடைசியாக, பரண்மேல் துருவேறிக் கிடக்கும் அந்தப் பழைய கல். மேலோட்டமான துரு என்றால் எறிய வேண்டாம். புளியையும் உப்பையும் சேர்த்து இரும்பு நாரால் தேய்த்தால் பெரும்பகுதி போய்விடும். பிடிவாதமான இடத்தில் வினிகரும் தண்ணீரும் சம அளவு கலந்து அரை மணி நேரம் ஊற்றி வைக்கலாம். அதற்கு மேல் வைத்தால் நல்ல இரும்பையும் தின்னத் தொடங்கும். கழுவி, அடுப்பில் காயவைத்து, மேலே சொன்னபடி முதலிலிருந்து பழக்குங்கள். சுத்தியலால் தட்டும்போது கணீரென்று ஒலித்தால் கல் நன்றாக இருக்கிறது. மொக்கையாக ஒலித்தால் எங்கோ விரிசல் இருக்கிறது. அதை அடுப்பில் ஏற்ற வேண்டாம்.